பதினைந்தடிக்கு ஒரு நூல் குறைவு

அந்தக் கண்ணாடியை இனி வெட்ட முடியாது. எல்லாத் தொல்லைக்கும் காரணம் அதுதான். உலையில் பழுக்கக் காய்ச்சி, சடாரென்று காற்றடித்துக் குளிர வைத்துக் கெட்டிப்படுத்திய கண்ணாடி. நடுவில் முஷ்டியால் குத்தினால் கை வலிக்குமே தவிர அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஓரத்தில் ஒரு செங்கல் முனை நச்சென்று பட்டால் போதும், முழுசும் உப்புக்கல்லாக உதிர்ந்துவிடும். நீளம் பதினைந்தடி இரண்டு அங்குலம், உயரம் ஆறடி, கனம் அரை அங்குலம். எடை இருநூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது.

மருந்துத் தொழிற்சாலையில் தூசி நுழையாத அறை ஒன்று கட்டியிருந்தார்கள். அதன் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒட்டுப் போட்டால் ஒட்டில் தூசி தங்குமாம், அதனால் ஒரே துண்டாக வேண்டும் என்றார்கள். ஒரே துண்டாகவே வந்து, முற்றத்தில் மரச்சட்டத்தில் சாய்ந்து நின்றது. முற்றத்திலிருந்து அந்த அறைக்கு ஒரே வழிதான். முதலில் மூன்றடி அகலத்தில் ஒரு நடைவழி. அது நேராகப் போய், எட்டடி அகலமுள்ள இன்னொரு நடைவழியில் முட்டி, செங்கோணமாகத் திரும்பும். தலைக்கு மேலே குழாய்கள் ஓடுவதால் கண்ணாடியைச் சாய்த்துத் தூக்கவும் முடியாது. நிமிர்ந்தபடி உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்த வழியை அளந்து, "போகும்" என்று சொன்னவள் அளவக்கா.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. கண்ணாடி தூக்கும் கூட்டத்தில் அளவெடுக்கிற வேலை அவளுடையது என்பதால் சின்னவர்கள் எல்லோரும் அளவக்கா என்றார்கள், நாளடைவில் பெரியவர்களும் அப்படியே ஆக்கிவிட்டார்கள். இருபது வயதில் தூக்குகிறவளாகத்தான் சேர்ந்தாள். தோளில் இன்னும் பட்டை பதிந்த தழும்பு உண்டு. இப்போது நாற்பத்தொன்று. அவளுடைய புருஷன் அதே கூட்டத்தில் தூக்குகிறவன். ஒல்லி, ஆனால் பிடித்தால் உடும்பு. சின்னவர்களுக்கு அவன் மாமா.

வழி போகுமா போகாதா என்று பார்க்க அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. பேர் பாதித் திருப்பம். கண்ணாடியின் நீளத்துக்கு ஒரு கயிறு. இரண்டு பேர் கயிற்றின் முனைகளைப் பிடித்துக்கொண்டு, வெளிமூலையிலிருந்து ஆளுக்கு ஒரே தூரத்தில் இரண்டு வெளிச்சுவர்களில் முதுகை ஒட்டி நின்று விறைப்பாக இழுப்பார்கள். கண்ணாடி சரிபாதி திரும்பி நிற்கிற நிலை அது. அந்த நிலையில் கயிறு உள்மூலையை உரசாமல் நின்றால் வழி போகும், உரசினால் போகாது. அவ்வளவுதான். கூட்டத்தை நடத்துகிற மேஸ்திரி முப்பது வருஷமாக இப்படித்தான் பார்த்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் பார்த்தார். கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அளவக்காவும் இப்படித்தான் பார்த்தாள். கயிற்றுக்கும் உள்மூலைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி தாராளமாக இருந்தது. "போகும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கண்ணாடி தூக்கப் போகிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் அடுப்படி மேஜையில் பாடப்புத்தகத்தைத் திறந்தாள். அஞ்சல் வழியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் வருஷம். பாடம், வகை நுண்கணிதம். பயிற்சிக் கணக்குகளில் ஏழாவதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, இங்க பாருங்களேன். நம்ம பொழப்பைப் புத்தகத்துல போட்டிருக்கான்."

அவன் கையுறையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். "கூலியைப் போட்டிருக்கானா?"

"எட்டடி அகலத்துல ஒரு வழி, இருபத்தேழடி அகலத்துல ஒரு வழி. ரெண்டும் செங்கோணமா சேருது. படுக்கை வாட்டத்துல எவ்வளவு நீளக் கம்பியைத் திருப்பலாம்னு கேக்கறான்."

"இதுக்குப் போய்ப் புத்தகமா? பாதித் திருப்பம் பாரு, முடிஞ்சது."

அவளும் அதைத்தான் செய்தாள். பாதித் திருப்பத்துக்கு இரண்டு அகலத்தையும் கூட்டி ஒன்று புள்ளி நாலு ஒன்று நாலால் பெருக்கினால் போதும். நாற்பத்தொன்பதரை அடி என்று ஒரே வரியில் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தாள். நாற்பத்தாறு புள்ளி எட்டு ஏழு.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தப் புத்தகத்தில் அது புதுசும் இல்லை. ஆனாலும் படித்த பாடம் கையில் இருந்ததால் அது சொன்னபடி போட்டுப் பார்த்தாள். இரண்டு வெளிச்சுவரையும் தொட்டு, உள்மூலையையும் தொட்டுக்கொண்டு ஒரு கோடு. கோணம் மாறினால் கோட்டின் நீளம் மாறும். சின்னக் கோணத்தில் அது எங்கேயோ நீளும், பெரிய கோணத்தில் மறுபடி எங்கேயோ நீளும். நடுவில் ஓரிடத்தில் எல்லாவற்றையும்விடக் குறுகும். கம்பி தப்பிக்க வேண்டியது அந்த இடத்தில்தான். கோணத்தை மயிரிழை அசைத்தால் நீளம் எந்த வேகத்தில் மாறும் என்று கேட்பதுதான் வகைக்கெழு. நீளம் இறங்கிக்கொண்டிருந்தால் விடை குறையில் வரும், ஏறிக்கொண்டிருந்தால் கூடுதலில் வரும். இறங்குவது நின்று ஏறுவது தொடங்காத அந்த ஒரு புள்ளியில் பூஜ்யம். பூஜ்யம் என்று எழுதி மறுபக்கம் தள்ளினால், கோணம் தன் பேரைத் தானே சொல்லிவிடுகிறது.

நாற்பத்தைந்து பாகை என்று அது சொல்லவில்லை.

வழிகளின் அகலத்தை ஒன்றால் ஒன்று வகுத்து, அதன் கனமூலத்தைக் கேட்டது. அகலம் இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே பாதித் திருப்பம். இல்லாவிட்டால் இறுக்கமான இடம் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை வருஷம் கண்ணாடி ஏற்றிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்தில் வந்தன. நாலடிக்கு நாலடி, ஐந்துக்கு ஐந்து, மிஞ்சிப்போனால் நாலுக்கு ஆறு. அவற்றில் தப்பு இருந்தாலும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் அடங்கிப் போயிருக்கும். மூன்றுக்கு எட்டு என்பது இதுதான் முதல் தடவை.

புத்தகத்தின் எண்களை அடித்துவிட்டு மூன்றையும் எட்டையும் போட்டாள். கை வேகமாக ஓடியது. முப்பத்தாறு பாகை. நீளம் பதினான்கு புள்ளி ஒன்பது ஒன்பது இரண்டு. அதாவது பதினைந்தடிக்கு ஒரு நூல் குறைவு. அங்குலத்தை எட்டாக்கினால் ஒரு பங்கு ஒரு நூல்.

முற்றத்தில் நிற்கிற கண்ணாடி பதினைந்தடி இரண்டு அங்குலம்.

"ஏங்க. நாளைக்குப் பொந்துல யாரு?"

"நானும் பூசணியும். ஏன்?"

பூசணி கூட்டத்தில் தூக்குகிற இன்னொருவன். பொந்து என்பது அவர்கள் வைத்த பேர். கண்ணாடி திரும்பும்போது அதன் நடுப்பாகத்தை உள்மூலைப் பக்கமிருந்து பிடிக்க முடியாது, சுவர் இடிக்கும். வெளிப்பக்கமிருந்துதான் பிடிக்க வேண்டும். அதனால் இரண்டு பேர் ரப்பர் உறிஞ்சிக் கைப்பிடியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெளிமூலைப் பக்கம் நிற்பார்கள். கண்ணாடி சுவருக்குச் சுவர் அடைத்துக்கொள்கிற நேரத்தில் அவர்கள் நிற்கிற இடம் மூன்று பக்கமும் மூடிய அறை. இரண்டு பக்கம் செங்கல், மூன்றாவது பக்கம் இருநூற்றைம்பது கிலோ கண்ணாடி. மாட்டினால் இரண்டு முனையும் செங்கல்லில் நெருக்கும். நெருக்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அது போகாது," என்றாள்.

"எது?"

"கண்ணாடி. என் அளவு தப்பு."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். "மூணு விரல் இடைவெளி இருந்துச்சுன்னு நீதானே சொன்னே?"

"பாதித் திருப்பத்துல இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே மாட்டிக்கும். பாதிக்கு வரவே விடாது."

"மேஸ்திரி முப்பது வருஷமா பாக்குறாரு. ஒரு கண்ணாடி இப்படி மாட்டிருக்கா?"

"முப்பது வருஷமா ரெண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே அகலம். நாம சரியாப் பாத்தோம்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். கட்டடம்தான் நமக்குச் சரியா அமைஞ்சுது."

அவன் நோட்டை இழுத்துப் பார்த்தான். எழுத்துக்கூட்டுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கடைசி வரியில் விரலை வைத்தான். "இது புரியல. ஆனா நீ அளவுல தப்புன்னு ஒத்துக்கிட்டு நான் பாத்ததே இல்ல. அதனால பயமா இருக்கு."

காலையில் முற்றத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் நேராக மேஸ்திரியிடம் போனாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"அண்ணே, இன்னைக்கு ஏத்தக் கூடாது. போகும்னு நான் சொன்னது தப்பு."

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைக்காமலேயே கேட்டார். "கயிறு சுருங்கிப் போச்சா தங்கச்சி?"

"கயிறு சரி. பாத்த இடம் தப்பு."

பூசணி, வயிறு முன்னால் வர அவன் பின்னால் வருகிற ஆள், சிரித்தான். "அக்கா பரீட்சைக்குப் படிக்குதுண்ணே. நேத்து வரைக்கும் அடி இன்ச்சு பேசும். இன்னைக்குக் கோணம் பேசுது."

"பேசட்டும்," என்றார் மேஸ்திரி. குரல் இறுகியிருந்தது. "நான் பதினாறு வயசுல இருந்து இதுல இருக்கேன். பாதியில தாண்டுச்சுன்னா எல்லா இடத்துலயும் தாண்டும். அதுக்கு மேல ஒரு இடம் எங்கேருந்து முளைக்கும்?"

"முளைக்கலண்ணே. எப்பவும் இருந்துச்சு. நாம நிக்கிற எடத்துலேருந்து தெரியல."

அதற்குள் தொழிற்சாலையின் கட்டட மேற்பார்வையாளர் வந்துவிட்டார். தலைக்கு வலை, காலுக்கு உறை. விஷயம் கேட்டதும் முகம் சுண்டிப் போனது. "சுவரை இடிக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு கைப்பிடி செங்கல் தூசி உள்ளே போச்சுன்னா மூணு நாள் எல்லாத்தையும் கழுவணும். நீங்கதானே அளந்து சொன்னீங்க?"

"நான்தான் சார். அந்தத் தப்பையும் நானேதான் கண்டுபிடிச்சேன். இடிக்கச் சொல்லல. மொதல்ல பாக்கலாம். ரெண்டு ரீப்பர் சட்டம் குடுங்க, போதும்."

ஒன்பதடி நீளத்தில் மெல்லிய மர ரீப்பர் இரண்டு கிடைத்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, நடுவில் கம்பி வளையம் போட்டு இழுத்தால் நீளவும் தள்ளினால் சுருங்கவும் செய்தாள். பூசணி குனிந்து பார்த்தான்.

"அக்கா, நீங்க கணக்குல போட்ட கோட்டுக்கு வயிறு கிடையாது. சட்டத்துக்கு உண்டே?"

அது நியாயமான கேள்வி. உலகத்தில் வயிறு இடிப்பதைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. "அதுக்குத்தான்டா ஆணி," என்று, உள்மூலையை உரசப் போகிற விளிம்புக்கு நேராக இரண்டு முனையிலும் ஆணி அடித்தாள். அப்போது கோடு ஆணியிலிருந்து ஆணிக்கு. சட்டத்தின் கனம் வெளியே நின்றுவிடும்.

திருப்பத்துக்குப் போனார்கள். வெளிமூலையிலிருந்து அகல வழியின் வெளிச்சுவரில் எட்டடி ஒன்பது அங்குலம் அளந்து சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். மற்றச் சுவரில், குறுகிய வழிக்குள் ஏறி, பன்னிரண்டடி இரண்டு அங்குலத்தில் இன்னொன்று.

"இதென்ன?" என்றார் மேஸ்திரி.

"சட்டத்தோட முனை இங்கயும் அங்கயும் வரும்போதுதான் அது இருக்கறதுலயே குட்டையா இருக்கும். அப்போ நீளம் பதினஞ்சடிக்கு ஒரு நூல் குறைவு."

"இன்னும் ஒரு தடவைகூட வெச்சுப் பாக்கலையே!"

"பாக்கலண்ணே."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. "சரி, பிடிங்கடா. நடுவளையம் நான் பாத்துக்கறேன்."

புருஷன் ஒரு முனை, பூசணி ஒரு முனை. ஆணி சுவரைவிட்டு எழக் கூடாது, விளிம்பு உள்மூலையை விட்டு விலகக் கூடாது. இந்த இரண்டையும் காத்துக்கொண்டு கண்ணாடி வருகிற திசையில் சட்டத்தை மெல்லத் திருப்ப வேண்டும். நீளம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அதுவே எடுத்துக்கொள்ளும். மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து, சட்டம் சட்டத்தின் மேல் ஏறி நிற்கிற இடத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

ஆரம்பத்தில் பதினேழடிக்கு மேல் இருந்தது. திருப்பத் திருப்ப வேகமாகச் சுருங்கியது. "குறையுது," என்றார் மேஸ்திரி. பதினாறு. "குறையுது." பதினைந்தரை. "குறையுது... குறையுது..." அவர் பென்சில் கோடுகள் நெருங்கிக்கொண்டே வந்தன. முதலில் கோட்டுக்குக் கோடு ஒரு சாண் இருந்தது, பிறகு இரண்டு விரல், பிறகு ஒரு நகம். பூசணி முனையைத் தள்ளிக்கொண்டே போனான். அவன் சாக்பீஸ் கோட்டுக்கு நாலு விரல் முன்னால் வந்தபோது மேஸ்திரியின் பென்சில் போட்ட கோட்டின் மேலேயே மறுபடி விழுந்தது.

"நின்னுடுச்சு," என்றார்.

"நிக்கல. தள்ளுடா," என்றாள் அளவக்கா.

பூசணி தள்ளினான். ஆணி சுவரில் கிறீச்சென்று நகர்ந்து, சாக்பீஸ் கோட்டைத் தொட்டு, அதைத் தாண்டி இன்னும் மூன்று விரல் போனது. சட்டம் கண்ணுக்குத் தெரியத் திரும்பிக்கொண்டிருந்தது. நீளம் மட்டும் மாறவில்லை. மேஸ்திரி வளையத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். சட்டத்துக்கு அடியில் சட்டம் அசையாமல் கிடந்தது.

"திரும்புது," என்று முணுமுணுத்தார். "ஆனா நீளம் செத்த மாதிரி கிடக்கு."

பிறகு கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது. அடிச்சட்டம் வெளியே வரத் தொடங்கியிருந்தது. "கூடுது... இப்ப கூடுது." பாதித் திருப்பத்தில் பதினைந்தரை அடியைத் தாண்டிவிட்டது.

அளவக்கா சட்டத்தை மறுபடி சாக்பீஸ் கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, வளையத்தை முறுக்கி இறுக்கினாள். மேஸ்திரியே டேப்பை வைத்து ஆணியிலிருந்து ஆணிக்கு அளந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டாம் தடவையும் அளந்தார்.

"பதினாலடி பதினொண்ணே முக்கால் இன்ச்சு, அப்புறம் ஒரு நூல்." டேப் சுருண்டு உள்ளே போகிற சத்தம் கேட்டது. "பதினஞ்சடிக்கு ஒரு நூல் குறைவு."

அவள் நோட்டில் அந்த எண் முந்தின நாள் சாயங்காலமே எழுதப்பட்டிருந்தது. அடுப்படி மேஜையில், சாம்பார் கொதிப்பதற்கும் இறங்குவதற்கும் நடுவே, இந்தச் சுவர் பக்கத்தில்கூட இல்லாமல் எழுதியது. இப்போது அதே எண் செங்கல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து டேப்பில் நின்றது. அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தான் கெட்டிக்காரி என்று தோன்றவில்லை. யாரோ இருக்கிற அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

மேஸ்திரி உள்மூலையைத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ஏத்தியிருந்தா..." என்று தொடங்கி, ஒல்லியானவனையும் பூசணியையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பூசணி ஆணி முனையைப் பிடித்தபடி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இப்ப என்ன செய்யறது?" மேற்பார்வையாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு சுவரை எடுக்கணும்? ஒரு அடியா, ரெண்டா?"

"சுவரே வேண்டாம் சார்," என்றாள். "மாட்டுறது இந்த ஒரே ஒரு உள்மூலையிலதான். கண்ணாடி பதினஞ்சடி ரெண்டு இன்ச்சு. கண்ணாடி முனையில ஒட்டுற கம்பளித்துணி ரெண்டு பக்கமும் சேத்து ஒரு இன்ச்சு. அந்த நீளத்துக்கு அதே கோணத்துல கோடு போட்டா, மூலைக்குள்ள ஒண்ணரை இன்ச்சுதான் புதையுது. கண்ணாடிக் கனம் அரை இன்ச்சு. ஆக ரெண்டு. மூச்சு விட ஒரு இன்ச்சு. மூணு இன்ச்சு ஆழத்துக்கு மூலையைச் சாய்வாச் சீவிட்டாப் போதும். தரையிலேருந்து ஏழடி உயரம் வரைக்கும். அவ்வளவுதான்."

"மூணு இன்ச்சா?"

"மூணே மூணு. அதுவும் இந்தச் சாய்வுல." சட்டம் இன்னும் முறுக்கியபடியே கிடந்தது. அதன் ஓரமாகத் தரையில் கோடு இழுத்துக் காட்டினாள்.

மேற்பார்வையாளர் கோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையை ஆட்டினார். "தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்." முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை.

ஈரச்சாக்கைக் கூடாரமாகக் கட்டி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே உளியால் சீவினார்கள். தூசி பறக்கவில்லை, சேறாக வழிந்தது. மத்தியானத்துக்குள் மூலை மழுங்கி, உள்ளே சிவப்புச் செங்கல் தெரிந்தது. துடைத்து, சரிபார்த்து, கண்ணாடியைச் சக்கரப் பலகைகளில் ஏற்றினார்கள்.

அப்போதுதான் அவள் கையுறையை மாட்டினாள்.

"நீ எங்கே?" என்றான் புருஷன்.

"பூசணிக்குப் பதிலா நான்."

"விளையாடாதே. தூக்கிப் பத்து வருஷம் ஆச்சு உனக்கு."

"தூக்கப் போறதில்ல, பிடிக்கத்தானே போறேன். உள்ளேருந்து பாத்தாத்தான் கண்ணாடி வழியா அந்த மூலையும் இடைவெளியும் தெரியும். வெளியே நிக்கிற யாருக்கும் தெரியாது. யாராவது பாத்துச் சொல்லணும், அது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

பூசணி கைப்பிடியை அவளிடம் நீட்டினான். "வாங்கிக்கோங்கக்கா. என் வயித்துக்குக் கணக்குப் போட ரெண்டு நாள் ஆகும்."

கண்ணாடி குறுகிய வழியில் ஊர்ந்து வந்தது. முன்முனை அகல வழிக்குள் எட்டிப் பார்த்தது. மேஸ்திரி முன்னாலிருந்து, "மெதுவா... திருப்பு... மெதுவா," என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி திரும்பத் திரும்ப அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் இருந்த வழி குறைந்துகொண்டே வந்தது. ஒரு முனையில் கம்பளித்துணி சுவரை உரசியது. கொஞ்ச நேரத்தில் மறுமுனையிலும் உரசியது. இப்போது வெளியே போக வழியில்லை. இரண்டு பக்கம் செங்கல், ஒரு பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் மீன் தொட்டிக்குள் இருப்பவர்கள் மாதிரி தெரிந்தார்கள். இல்லை, தொட்டிக்குள் இருந்தது இவர்கள்தான்.

"எவ்வளவு?" என்று மேஸ்திரி கத்தினார்.

"மூணு இன்ச்சு," என்றாள். "ரெண்டரை. தள்ளுங்க. ரெண்டு. தள்ளுங்க."

புருஷனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் மூலையைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணரை." சீவிய செங்கல்லின் சொரசொரப்பு கண்ணாடி வழியாக ஒவ்வொரு மணலாகத் தெரிந்தது. "ஒண்ணேகால்."

"போதுமா? நிறுத்தவா?"

"நிறுத்தாதீங்க. ஒண்ணு."

வெளிச்சுவரில் காலையில் கிழித்த சாக்பீஸ் கோட்டுக்குக் கம்பளித்துணி கிட்டத்தில் வந்துவிட்டது. ஒன்றுக்குக் கீழே போனால் கணக்கில் எங்கோ ஓட்டை. அவள் மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டாள். சக்கரங்கள் உருண்டன, கண்ணாடி நகர்ந்தது, கைப்பிடி அவள் கையை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் போனது. ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகவே நின்றது. இருநூற்றைம்பது கிலோ அவள் கண்ணெதிரே திரும்பிக்கொண்டிருந்தது, அந்த இடைவெளி மட்டும் அசையவில்லை. நோட்டில் பூஜ்யம் என்று எழுதினாளே, அது இதுதான். வெறும் வட்டம் என்று நினைத்திருந்தாள். அதற்கு உள்ளே இவ்வளவு அமைதி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பூஜ்யத்துக்குள் அவளும் அவனும் கண்ணாடியும் இரண்டு சுவரும் முழுசாக நின்றார்கள்.

"தங்கச்சி! எவ்வளவு?"

பதில் சொல்ல வேண்டும் என்பதே மறந்திருந்தது. "ஒண்ணு," என்றாள். "ஒண்ணேதான்." பிறகு செங்கல் கண்ணாடியை விட்டு மெல்ல, மிக மெல்ல விலகத் தொடங்கியது. "ஒண்ணேகால். கூடுதுண்ணே! ஒண்ணரை. கூடுது!"

அந்தப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முன்முனை சுவரை விட்டு விலகி, அகல வழியில் ஒரு கை நுழைகிற அளவு வழி திறந்தது. அப்புறம் ஓர் ஆள் அளவு. புருஷன் நெற்றியைப் புஜத்தில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை இப்படி ஒரு கணக்கு வந்துச்சுன்னா," என்று தொடங்கிச் சிரித்துவிட்டான்.

கண்ணாடி நேராகி அறைப் பக்கம் உருண்டது. பூசணி ஓடிவந்து அவளிடமிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டான். எல்லோரும் கூடவே போனார்கள். அவள் மட்டும் திருப்பத்தில் நின்றுவிட்டாள். மூன்றடி ஒரு பக்கம், எட்டடி ஒரு பக்கம், நடுவில் வெறும் காற்று. யாரும் அளக்காதபோதும் அந்த இடம் இங்கேயே இருந்திருக்கிறது. கட்டடம் கட்டிய கொத்தனுக்குத் தெரியாமல், படம் போட்டவருக்குத் தெரியாமல், தினமும் நூறு பேர் அதைக் குறுக்கே கடந்து போயிருக்கிறார்கள்.

மேஸ்திரி திரும்பி வந்தார். "என்ன, இன்னும் என்ன பாக்குறே?"

"ஒண்ணுமில்லண்ணே."

அவரும் கொஞ்ச நேரம் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையைத் தூக்கி, கண்ணாடி இருந்த சாய்வில் காற்றில் மெல்ல ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் கை தானாக நின்றது.

"இங்கதானே?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"இங்கதாண்ணே."